எங்கள் பழைய சைடு டிரம்



மோசிகீரனார் என்னும் புலவர் களைப்பு மிகுதியால் முரசு கட்டிலில் படுத்துறங்கிய கதையை நாம் தமிழ் வகுப்பில் கேட்டிருக்கிறோம். அக்கட்டிலில் ஏறியவரை வாளால் வெட்டுவது அக்கால முறை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையோ வெட்டாமல், புலவர் கண்விழிக்கும் வரை அருகில் நின்று கவரி வீசினான். புறநானூற்றின் 50-ஆம் பாடல் இதைச் சொல்கிறது. மன்னனின் தமிழ்ப்பற்றை எல்லாரும் பாராட்டுகிறோம். ஆனால் அந்தக் கட்டில் அன்று ஏன் காலியாக இருந்தது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? முரசு நீராடப் போயிருந்தது!

இவ்வாண்டு நாங்கள் நால்வரும் ஒரு முரசை நீராட்டினோம். ஆற்று நீரில் அன்று, மண்ணெண்ணெயில். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறோம்.

நம் பள்ளிப் பேண்டு வாத்தியக் குழுவில் ஆறு சைடு டிரம்கள் இருந்தன. சென்ற ஆண்டு விளையாட்டு விழா முடிந்தபோது அவற்றில் இரண்டு சீர்செய்ய முடியாதபடி நசுங்கிப் போயின. "நாலு டிரம்மை வைத்துக்கொண்டு அணிவகுப்பு நன்றாக இராது. ஒலிபெருக்கியில் இசையைப் போட்டுவிடலாம்" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது எங்கள் காதில் விழுந்தது. அது எங்களுக்கு எவ்வளவு வேதனை தந்தது தெரியுமா? சைடு டிரம் பெரிய வகுப்பு மாணவியருக்கே கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து முக்கோணக் கம்பியைத் தட்டியபடி காத்திருந்தவர்கள் நாங்கள். எங்கள் முறை வந்தபோது டிரம் இல்லை!

தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் போய் நின்றோம். புதிதாக வாங்கப் பணம் இல்லை என்றார்கள். ஆயினும் பழைய செய்தித்தாள் விற்ற நிதியிலிருந்து 2,000 ரூபாய் எடுத்துக் கொடுத்து, "பழையது கிடைக்கிறதா பாருங்கள். ஆனால் படிப்பு கெடக்கூடாது" என்றார்கள். ஒரு சனிக்கிழமை பி.டி. டீச்சருடன் கடைகடையாக ஏறி இறங்கினோம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக் கடையில், சைக்கிள் சக்கரத்துக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவே அது கவிழ்ந்து கிடந்தது. கடைக்காரர் 1,200 கேட்டார். டீச்சர் 900-க்கு முடித்தார்கள்.

விட்டம் 14 அங்குலம், உயரம் 10 அங்குலம். இரும்புத் தகட்டு உடல், மேலே குரோமியப் பூச்சு, அதன் மேல் துரு. மேல் தோல் கிழிந்திருந்தது. பக்கத்தில் ஒரு சிறு பித்தளைத் தகடு இருந்தது. வீட்டில் குத்துவிளக்கு தேய்ப்பது போல் புளி போட்டுத் தேய்த்தோம். தேய்ந்துபோன எழுத்துகளில் 'மீரட்' என்ற ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தது. உத்தரப் பிரதேசத்திலுள்ள அந்த ஊரின் பெயரைச் சிப்பாய்க் கிளர்ச்சி தொடங்கிய இடம் என்று வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். பேண்டு வாத்தியங்கள் செய்வதிலும் அது பேர்பெற்ற ஊராம். அங்கே ஜாலி கோட்டி என்னும் பகுதியில் எக்காளங்களும் டிரம்களும் செய்யும் பட்டறைகள் தலைமுறை தலைமுறையாக உள்ளன. அங்கிருந்து நம் ஊர் இரும்புக் கடை வரை இந்த டிரம் எத்தனை ஊர்வலம் போயிற்றோ!

வேலை செய்யத் தொடங்கும் முன் அதன் உறுப்புகளைத் தெரிந்துகொண்டோம். நடுவில் உருளை வடிவான உடல். அதன் இருபுறமும் இரண்டு தோல்கள். தோல்களை அழுத்திப் பிடிக்க இரண்டு வளையங்கள். வளையங்களை இறுக்க மேலே 8, கீழே 8, ஆக 16 நீண்ட திருகாணிகள். இவற்றின் தலை சதுரமாக இருக்கும். அதற்கென்று உள்ள டிரம் சாவியால்தான் திருக வேண்டும். உடலில் ஒரு சிறு துளையும் உண்டு. யாரோ ஆணி அடித்த ஓட்டை என்றே முதலில் நினைத்தோம். டிரம்மை அடிக்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வைத்த வழி அது என்று பிறகே அறிந்தோம்.

தோல் என்கிறோமே தவிர, அது இப்போது பிளாஸ்டிக்குதான். முற்காலத்தில் கன்றுத் தோலைக் கட்டினார்கள். தோல் ஈரக் காற்றை உறிஞ்சித் தளரும், வெயிலில் காய்ந்து விறைக்கும். மழை நாளில் டிரம் ஊமையாகிவிடும். பறை இசைப்பவர்கள் பறையைத் தீயில் காய்ச்சிவிட்டு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இக்காரணத்தால்தான். அமெரிக்காவில் சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி ஆகியோர் 1950-களின் பிற்பகுதியில் மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தால் ஆன தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அதன்பின் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்றாயிற்று.

முதல் வாரம் முழுவதும் நீராட்டுதான். துருப்பிடித்த திருகாணிகளை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டோம். மறுநாள் பதினைந்து திருகாணிகள் சொன்னபடி கேட்டன. பதினாறாவது மட்டும் இன்னும் இரண்டு இரவு பிடிவாதம் பிடித்தது. திருகாணிகள் போய்ப் பொருந்தும் கொண்டிகளுக்குள் சிறு சுருள்வில்கள் இருந்தன. டிரம்மை ஆட்டினால் அவை கிலுகிலுத்தன. பஞ்சைத் திரித்து உள்ளே அடைத்ததும் ஓசை நின்றது. எங்கள் பள்ளிச் சீருடையில் மண்ணெண்ணெய் வாடை போகவே இல்லை. "பத்தாம் வகுப்பில் படிக்கிற பெண்ணா, மெக்கானிக்கா?" என்று எங்களில் ஒருத்தியின் அம்மா கேட்டார்கள். இன்னொருத்தியின் பாட்டி, "கல்யாண ஊர்வலத்தில் கொட்டடிக்கப் போகிறாயா?" என்றார்கள். அந்தக் கேள்வி பிறகு எங்களை உறுத்தியது. காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

உடலின் விளிம்பு சமமாக இல்லாவிட்டால் எந்தத் தோலும் சரியாக உட்காராது. அதைச் சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. வேதியியல் ஆய்வுக்கூடத்தின் கடப்பைக்கல் மேசை சமதளமானது. அதன்மேல் உடலை நிறுத்தி, சன்னல்களைச் சாத்திவிட்டு, உள்ளே டார்ச் விளக்கைப் பிடித்தோம். விளிம்பு சமமாக இருந்தால் அடியில் வெளிச்சம் கசியாது. ஓரிடத்தில் நூல் போல் ஒளி தெரிந்தது. மரச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி அந்த நூலை மறையச் செய்தோம். மறுமுனையிலோ எதிரெதிராக இரண்டு இடங்களில் வெளிச்சம் கசிந்தது. அவற்றையும் தட்டப் போனபோது ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன், "ரெண்டும் ஒரே அளவில், நேர் எதிரில் இருக்கிறதே, தானாக வந்த பள்ளமா இது?" என்று தடுத்தார். அவர் புண்ணியத்தில் டிரம் பிழைத்தது. அது ஏன் என்று பின்னால் விளங்கும்.

பிறகு 650 ரூபாய்க்குப் புது மேல் தோல் வாங்கினோம். எதிரெதிர்த் திருகாணிகளை மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் அரைச் சுற்றாக இறுக்கினோம். வரிசையாக இறுக்கினால் தோல் ஒருபக்கம் கோணிவிடும். எல்லாம் முடிந்தது. ஒருத்தி குச்சியை எடுத்து ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

தகர டப்பா!

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இறுக்கினோம், கீச்சென்றது. தளர்த்தினோம், பொத்தென்றது. நம் பள்ளியின் மற்ற டிரம்களில் கேட்கும் 'டர்ர்' என்ற அந்த மிடுக்கான ஒலி மட்டும் வரவில்லை.

தேவாலயத்துக்குப் பின் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் பேண்டு செட்டில் வாசித்தவர். முழங்கால் வலியால் ஊர்வலத்தில் நடக்க முடியாமல் நிறுத்திவிட்டார். பி.டி. டீச்சர் அவரை அழைத்து வந்தார்கள். அவர் குச்சியைத் தொடவே இல்லை. மேல் தோலை விரலால் ஒருமுறை அழுத்தினார். பிறகு, "பாப்பா, எல்லாரும் மேலயே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? கவுத்துப் போடுங்க" என்றார்.

கவிழ்த்தோம். அடித்தோலை இரு விரலால் தடவியவர் சிரித்துவிட்டார். "மேல போடுற தோலக் கீழ போட்டு வச்சிருக்கான் மவராசன்!"

தோழியரே, சைடு டிரம்மின் இரகசியமே இதுதான். ஸ்நேர் டிரம் என்றும் இதற்குப் பெயர். நாம் அடிப்பது மேல் தோலை. அதற்கு அந்தக் குரலைத் தருவதோ யாரும் அடிக்காத அடித்தோல்! அடித்தோலின்மேல் ஒட்டினாற்போல் மெல்லிய எஃகுச் சுருள்கம்பிகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கே ஸ்நேர் என்று பெயர். மேல் தோலில் அடி விழுந்ததும் உள்ளே அடைபட்ட காற்று அழுத்தப்பட்டு அடித்தோலைத் தள்ளுகிறது. அடித்தோல் அதிர்ந்து கம்பிகளை எற்றுகிறது. கம்பிகள் திரும்ப வந்து தோலில் மோதுகின்றன. நொடிக்குள் இது பலமுறை நிகழ்வதால் 'டர்ர்' என்ற ஒலி பிறக்கிறது. இவ்வளவும் நடக்க வேண்டுமானால் அடித்தோல் மிக மெல்லியதாக இருக்க வேண்டும். மேல் தோலின் கனம் பொதுவாகக் கால் மில்லிமீட்டர். அடித்தோலோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. கண்ணாடித் தாளைப் போல மறுபக்கம் தெரியும். எங்கள் டிரம்மை முன்பு வைத்திருந்தவர் அங்கே கனத்த தோலைப் போட்டுவிட்டார். அது அசையவில்லை, கம்பிகளும் பேசவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் தட்டப்போன இரண்டு பள்ளங்களும் கம்பிகள் தோலோடு படிந்து கிடப்பதற்காகச் செய்தவனே வைத்தவை. தட்டிச் சமமாக்கியிருந்தால் டிரம் நிரந்தரமாகக் கெட்டிருக்கும்! அதைக் கேட்டபோது எங்களுக்கு வேர்த்துவிட்டது.

கம்பிகள் இருபதில் நான்கு முறுக்கிக்கொண்டிருந்தன. வளைந்த கம்பி ஒன்றிருந்தாலும் மற்றவை தோலில் படியாமல் தூக்கிக்கொள்ளுமாம். தாத்தா அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, "பதினாறு போதும். நான் சின்னப் பையனா இருக்கையில எங்க வாத்தியார் கிட்ட ஆட்டு நரம்பு கட்டின டிரம்மே இருந்துச்சு" என்றார். அக்காலத்தில் குடல் நரம்பே கட்டினார்கள் என்பதை நூல்களும் கூறுகின்றன.

மெல்லிய அடித்தோல் வாங்கினோம், 450 ரூபாய். கையிருப்பு அத்துடன் தீர்ந்தது. அன்று மாலை அதை மாட்டி, பக்கவாட்டிலுள்ள விசையை நிமிர்த்திக் கம்பிகளைத் தோலோடு சேர்த்து அடித்தபோது எழுந்த ஒலியை எங்ஙனம் எழுதுவது? எதிர்க் கட்டடத்தில் ஆசிரியர் அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

இந்த டிரம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் இடைக்காலத்தில் புல்லாங்குழல்காரர்கள் ஒரு கையால் குழலும் மறுகையால் சிறு கொட்டும் வாசித்தனர். அது வளர்ந்து, இடுப்பின் பக்கத்தில் தொங்கும் போர்ப்படை டிரம் ஆயிற்று. அதனாலேயே சைடு டிரம். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் சுவிட்சர்லாந்தின் காலாட்படை இதற்குப் புகழ்பெற்றது. படை நடப்பதும் நிற்பதும் டிரம் சொன்னபடிதான். அந்நாட்டின் பாசல் நகரில் இன்றும் திருநீற்றுப் புதனை அடுத்த திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்குத் தெருவிளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, இருளில் டிரம்களும் குழல்களும் ஒன்றாய் முழங்கத் திருவிழாவைத் தொடங்குகிறார்கள். சரியாக 72 மணி நேரம் நடக்கும் அவ்விழாவை 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் வீட்டில் அதிகாலை நாலு மணிக்கு டிரம் அடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவும்.

வாசிப்பதற்கு வருவோம். நம் சங்கீதத்தில் தகதிமி, தகதகிட என்று சொற்கட்டுகள் உள்ளன அல்லவா? அதுபோல இதற்கும் அடிப்படை அடிகள் உண்டு. அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய ஒரு சங்கம் பதின்மூன்றை இன்றியமையாதவை என்று வகுத்தது. 1984-இல் வெளியான பன்னாட்டுப் பட்டியலில் நாற்பது இருக்கின்றன. வலம் இடம் வலம் இடம் என்று ஒவ்வோர் அடியாக மாற்றி அடிப்பது முதல் பாடம். ஒவ்வொரு கையாலும் இரண்டிரண்டு அடிப்பது அடுத்தது. மேல்நாட்டுப் பிள்ளைகள் இதை 'மம்மி-டாடி' என்று சொல்லிப் பழகுவார்களாம். நாங்கள் 'அம்மா-அப்பா' என்றோம்; கைக்கு இன்னும் எளிதாக வந்தது. மூன்றாவது பாரடிடில்: வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம். இதைக் கணக்கு நோட்டின் மேல் விரலால் பழகி ஒருத்தி வகுப்புக்கு வெளியே நின்றாள். அவள் யார் என்று எழுத மாட்டோம்.

வேகமாக அடிப்பதைவிட மெதுவாகவும் ஒரே சீராகவும் அடிப்பதே கடினம். ராவெல் என்ற பிரெஞ்சு இசையறிஞர் 1928-இல் இயற்றிய 'பொலேரோ'வில், ஸ்நேர் டிரம் கலைஞர் ஒரே சிறு தாளத்தைக் கால் மணி நேரம் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். காதில் விழுமோ விழாதோ என்ற மென்மையில் தொடங்கி, இறுதியில் முழு வாத்தியக் குழுவுக்கும் ஈடாக முழங்க வேண்டும். வேகம் இம்மியும் கூடக்கூடாது! நாங்கள் முயன்று பார்த்தோம். இரண்டாம் நிமிடத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டோம்.

தாத்தா தோலை விரலால் 'கேட்டதை' நாங்கள் வியந்தபோது, எங்கள் ஆங்கில ஆசிரியை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளெனியைப் பற்றிச் சொன்னார்கள். 1965-இல் பிறந்த அவர், பன்னிரண்டு வயதுக்குள் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர். அதிர்வை உடலால் உணர்ந்தே வாசிக்கிறார். தரையின் அதிர்வு தெரிய வேண்டும் என்று வெறுங்காலுடன் மேடையேறுவார். 2012 இலண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் டிரம் வாசித்தவர்களுக்கு முன்னின்றவரும் அவரே. இதைக் கேட்டதிலிருந்து நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பழகினோம். உண்மையிலேயே பாதத்தில் தெரிகிறது.

விளையாட்டு விழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. அணிவகுப்புப் பயிற்சி முடிந்து தண்ணீர் குடிக்க ஓடியவர்கள், டிரம்மை மைதானத்தின் சரளைக் கல்மேல் வைத்துவிட்டோம். திரும்பி வந்து தூக்கினால் அடித்தோலில் ஒரு கூரிய கல் குத்தி நின்றது. 450 ரூபாய்! கண்ணாடித் தாள் போன்றது என்று அத்தனை பேரிடமும் விளக்கிய நாங்களே அதை மறந்தோம். சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது? ஒருத்தி அழுதாள். உண்மையில் நால்வருமே அழுதோம்.

மறுநாள் காலை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கையில் வேட்டித் துணியில் சுற்றிய வட்டமான ஒரு பொருள். "தாத்தா குடுக்கச் சொன்னாங்க, அக்கா" என்றாள். பிரித்தால், புத்தம்புது 14 அங்குல அடித்தோல்! பேண்டு செட்டை விட்டபோது கடைசியாக வாங்கிப் பெட்டியில் வைத்திருந்ததாம். அந்தத் தாத்தாவின் பேத்தி நம் பள்ளியிலேயே படிக்கிறாள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், மில்லில் இருந்தார் என்றே அவள் அதுவரை சொல்லி வந்தாளாம். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கல்யாண ஊர்வலத்தைப் பற்றி ஒரு பாட்டி கேட்டதும், அதற்கு நாங்கள் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. (இதை அவளிடம் படித்துக் காட்டி, அவள் சம்மதித்த பிறகே எழுதுகிறோம்.)

அன்று மாலை அவளே சாவியைப் பிடித்துத் திருகாணிகளை இறுக்கினாள். வளைய ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தட்டி, எட்டு இடத்திலும் ஒரே சுரம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டாள். எங்களுக்கு அரை மணி ஆகும் வேலை அவளுக்குப் பத்தே நிமிடம்.

விழாவன்று ஐந்து டிரம்களும் அணிவகுப்பின் முன்னே சென்றன. ஒலிபெருக்கி வாய்மூடி நின்றது. எங்கள் டிரம்மின் ஒலி மற்றவற்றைவிடச் சற்றுத் தடிப்பு என்று இசை ஆசிரியை சொன்னார்கள். நான்கு கம்பிகள் குறைந்ததால் இருக்கலாம். மதிலோரம் நாற்காலி போட்டுத் தாத்தாவை உட்கார வைத்திருந்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் சுற்றில் நாங்கள் வேகமாகிவிட்டதை மட்டும் பிறகு சொன்னார்.

அடுத்த ஆண்டு இதை வாசிக்கப் போகும் தங்கைகளுக்கு ஒரு செய்தி. டிரம் இப்போது பாட்டு அறையின் அலமாரிமேல், அடித்தோலில் எதுவும் படாதபடி பக்கவாட்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மாலையில் பாடற்குழுவினர் ஆர்மோனியம் வாசிக்கும்போது, சில சுரங்களுக்கு அது யாரும் தொடாமலே 'ஸ்ஸ்ஸ்' என்று முணுமுணுக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் பேய் என்று அலறி ஓடியிருக்கிறார்கள். பேயன்று, ஆர்மோனியத்தின் அதிர்வு காற்றில் வந்து அடித்தோலைத் தொடுகிறது. பக்கத்திலுள்ள விசையைக் கீழே தள்ளிக் கம்பிகளைத் தளர்த்தினால் அடங்கிவிடும். டிரம் சாவி ஏழாம் வகுப்பில் இருக்கிறது.